காரணமும் நோக்கமும்: கனவாக்கி ஏரிக்கரைச் சாரணர் முகாம்

துன்பம் நேர்ந்தவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "ஏன்" என்பதாகவே இருக்கிறது. தமிழில் இந்தச் சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. ஒன்று "எதனால்", மற்றொன்று "எதற்காக". எதனால் என்பது காரணத்தைத் தேடும் கேள்வி. நிகழ்வுக்கு முன்னால் நின்று அதை விளைவித்தவற்றை அது நாடுகிறது. எதற்காக என்பது நோக்கத்தைத் தேடும் கேள்வி; நிகழ்வுக்குப் பின்னால் வருவதில் அதன் பொருளைக் காண முயல்கிறது. மருத்துவரும் வரலாற்றாசிரியரும் முதல் கேள்வியோடு நின்றுவிடலாம். சமயச் சிந்தனை அவ்வாறு நின்றுவிட முடியாமல், முதல் கேள்விக்குக் கிடைத்த விடையைக் கொண்டு இரண்டாவதற்கும் விடை சொல்ல முற்படுகிறது. அந்த முயற்சி எங்கே நியாயமானது, எங்கே வரம்பு மீறுகிறது என்பதை ஆராய, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் இயங்கிவந்த சிறுவர் சாரணர் கோடைமுகாமின் வரலாறு பொருத்தமான இடமாக அமைகிறது.

அட்சன் ஆற்றின் மேற்குக் கரையில், நியூயார்க் நகருக்கு வடக்கே, பேர் மலையையும் ஹாரிமன் பூங்காவையும் உள்ளடக்கிய மலைக்காடு விரிந்து கிடக்கிறது. லெனாபே மக்களின் மன்சி பிரிவினர் வாழ்ந்த அந்நிலத்தில், ஐரோப்பியர் வந்தபின் இரும்புச் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. உலைகளுக்கு வேண்டிய கரிக்காக மரங்கள் மீண்டும் மீண்டும் வெட்டப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநில அரசு அங்கே ஒரு சிறைச்சாலை கட்டத் திட்டமிட்டு, கைதிகளைக் கொண்டு நிலத்தைச் சீர்படுத்தும் வேலையையும் தொடங்கிவிட்டது. இரயில் பாதைகளின் அதிபராக விளங்கிய எட்வர்டு ஹாரிமன் 1909இல் இறந்தபின், அவருடைய மனைவி மேரி ஹாரிமன் 10,000 ஏக்கர் நிலத்தையும் 10 இலட்சம் டாலரையும் பொதுப் பூங்காவுக்காக அளிக்க முன்வந்தார். சிறைத் திட்டம் கைவிடப்பட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. 1910 அக்டோபர் 29 அன்று அவருடைய மகன் நிலப்பத்திரத்தை ஒப்படைத்தார். சிறை எழவிருந்த மலைச்சாரல், நகரத்துப் பிள்ளைகள் கோடையைக் கழிக்கும் இடமாக மாறியது இவ்வாறுதான்.

இன்று அந்தப் பூங்காவுக்குச் செல்வோர் இயற்கையின் கொடை என்று கருதி வியக்கும் ஏரிகளுள் பல, மனிதர் கட்டிய அணைகளால் உருவானவை. பூங்காவின் தலைமைப் பொறியாளராக இருந்த மேஜர் வில்லியம் வெல்ச் சதுப்புகளையும் சிறு குளங்களையும் அணைகட்டி ஏரிகளாக்கினார். லிட்டில் லாங் பாண்ட், அதாவது சிறிய நீள்குளம், என்று அழைக்கப்பட்டுவந்த நீர்நிலை அவ்வாறு பெருகி, கனவாக்கி என்னும் பெயருடைய மூன்று தொடர் ஏரிகளாயிற்று. இந்த ஏரிகளுக்கிடையே குடியிருந்த மலைக்குடிகளின் கதையைப் பூங்காவின் புகழ்பாடும் எழுத்துகள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன, அது நியாயமன்று. ஜான்சன்டவுன், சாண்டிஃபீல்டு போன்ற சிற்றூர்கள் பூங்காவின் விரிவாக்கத்தில் ஒவ்வொன்றாகக் காலியாகின. அவ்வூர்களின் கல்லறைத் தோட்டங்கள் காட்டுக்குள் எஞ்சியுள்ளன. சாண்டிஃபீல்டுக்கு அருகே 1880இல் எழுப்பப்பட்ட, வனாந்தரத்துப் புனித யோவான் என்னும் பெயருடைய சிறு கற்கோயிலும் இன்னும் நிற்கிறது. பின்னாளில் தெய்வத்தின் திருக்கரம் இந்த ஏரிக்கரையில் செயல்பட்டது என்று யாரேனும் சொல்ல வந்தால், இதே கரம் அந்தக் குடிகளின் வாழ்வில் என்ன செய்தது என்ற கேள்விக்கும் அவர்கள் விடை கூற வேண்டியிருக்கும்.

முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க் நகரத்துச் சிறுவர் சாரணர்களின் கோடைமுகாம்கள் கனவாக்கி ஏரிக்கரையில் வளர்ந்தன. சாரணர் இயக்கம் பேடன்-பவல் என்னும் படைத்தலைவரால் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்று, 1910இல் அமெரிக்காவில் நிறுவன வடிவம் பெற்றது. இங்கிலாந்தில் வகுத்த ஒன்பது சாரணர் நெறிகளோடு அமெரிக்கர்கள் 1911இல் மூன்றைச் சேர்த்தனர். அவற்றுள் இறுதியானது "பக்தியுடையவன்" என்பது. எந்தச் சமயத்தின் வழியில் பக்தி செலுத்த வேண்டும் என்று இயக்கம் வரையறுக்கவில்லை. கடவுளுக்குரிய கடமை ஒன்று உண்டு என்பதை மட்டும் உறுதிமொழியில் வைத்து, வழிபாட்டு முறையைக் குடும்பத்துக்கும் கோயிலுக்கும் விட்டுவிட்டது. எனினும் முகாமுக்கே உரிய ஒரு சமய உணர்வு உருவாகத்தான் செய்தது. பேடன்-பவல் 1922இல் இளைஞர்களுக்காக வெளியிட்ட நூலில், விவிலியத்தோடு இயற்கை என்னும் நூலையும் படிக்குமாறு அறிவுறுத்தினார். இயற்கையைக் கடவுள் எழுதிய இரண்டாவது நூலாகக் கொள்வது கிறித்தவ மரபில் பழமையான கருத்து. கனவாக்கி முகாமில் 1920ஐ ஒட்டி, பெஞ்சமின் ஹைடு என்பவரின் முயற்சியால், மலைக்காட்டின் உயிர்களையும் தாவரங்களையும் சிறுவர்கள் கண்டறிவதற்கென ஒரு சிறு இயற்கை அருங்காட்சியகம் அமைந்தபோது, அந்த இரண்டாவது நூலின் பாடசாலையாகவே அது விளங்கியது எனலாம்.

ஆனால் ஒரு நூலில் விருப்பமான பக்கங்களை மட்டும் படித்தால் போதாது. நகரத்தின் நெரிசலும் புழுதியும் நோய் தரும், மலையும் நீரும் நலம் தரும் என்ற நம்பிக்கையே கோடைமுகாம்களின் அடித்தளம். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் அண்மைக்கால அச்சமும் இருந்தது. 1916ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் நகரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. நகரில் மட்டும் ஏறத்தாழ 9,000 பேர் நோயுற்று, 2,300க்கும் மேற்பட்டோர் இறந்தனர், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நகரைவிட்டு வெளியேறிய குடும்பங்களைச் சுற்றுவட்டார ஊர்கள் நுழையவிடாமல் திருப்பி அனுப்பின. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானவரும் அப்போது கடற்படைத் துணைச் செயலராக இருந்தவருமான பிராங்க்ளின் ரூசவெல்ட், கோடையில் காம்போபெல்லோ தீவில் இருந்த தம் பிள்ளைகளை நோய் தணியும்வரை நகரப்பக்கம் வரவிடாமல் அங்கேயே நிறுத்திவைத்து, பிறகு டால்ஃபின் என்னும் கடற்படைக் கப்பலில் வீட்டுக்கு வரவழைத்தார். அவர் அஞ்சியது பிள்ளைகளுக்காக.

1921 ஜூலை இறுதியில், தேர்தலில் தோற்றபின் நியூயார்க் நகரச் சாரணர் அமைப்பில் பொறுப்பு வகித்த ரூசவெல்ட், நன்கொடையாளர்களும் பிரமுகர்களும் அடங்கிய குழுவோடு படகில் அட்சன் ஆற்றின் வழியாகப் பேர் மலைக்கு வந்து, ஏரிக்கரை முகாம்களைச் சுற்றிப் பார்த்தார். அன்று எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்று கிடைக்கிறது. உயர்ந்த உடலும் நீண்ட கால்களுமாக அவர் மற்றவர்களோடு நடந்து வருகிறார். கையில் ஊன்றுகோல் இல்லை, யாருடைய தோளையும் பற்றவில்லை, அடுத்த அடியைப் பற்றிய எண்ணம் முகத்தில் சிறிதும் இல்லை. பிறர் துணையின்றி அவர் நடப்பதைக் காட்டும் கடைசிப் படம் அது என்று கருதப்படுகிறது. இந்த அறிவோடு அதைப் பார்ப்பவர் கண்ணில் அந்தச் சாதாரண நடையே ஏதோ ஓர் அறிகுறிபோலத் தோன்றத் தொடங்குகிறது. பின்னால் நடந்ததை அறிந்தவர் கண்ணுக்கு முன்னால் நடந்தவை அனைத்தும் ஏற்பாடு செய்யப்பட்டவையாகத் தெரிகின்றன என்ற உண்மையை இந்த ஒரு படமே விளக்கிவிடுகிறது.

ஆகஸ்டு 10 அன்று காம்போபெல்லோவில் அவர் பிள்ளைகளோடு பாய்மரப் படகில் சென்றார், கரையில் கண்ட காட்டுத்தீயை அணைத்தார், நன்னீர்க் குளத்திலும் குளிர்ந்த கடலிலும் நீந்தினார், ஈர உடையோடு அமர்ந்து கடிதங்களைப் படித்தார். மாலையில் குளிர்நடுக்கம் கண்டது. மறுநாள் கால் துவண்டது. இரண்டொரு நாளில் எழுந்து நிற்க இயலாமல் போயிற்று. முதலில் பார்த்த மருத்துவர்கள் நோயை அறியவில்லை. ஆகஸ்டு 25 அன்று ராபர்ட் லவெட் என்னும் வல்லுநர் வந்து, இது இளம்பிள்ளை வாதம் என்றார். நோயின் பெயரிலேயே இளம்பிள்ளை இருக்கிறது. நோயாளிக்கு வயது 39.

இளம்பிள்ளை வாதக் கிருமி நோயுற்றவரின் மலத்தின் வழியாக வெளியேறி, நீரிலோ கைகளிலோ கலந்து, வாய்வழியாக இன்னொருவர் உடலில் புகுகிறது. புகுந்த நாளுக்கும் முடக்கம் தோன்றும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள் செல்கின்றன. முகாமுக்குச் சென்ற நாளுக்கும் காம்போபெல்லோவில் நோய் கண்ட நாளுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகியிருந்ததால், ஏரிக்கரை முகாமின் நீரிலோ உணவிலோ கிருமி தொற்றியிருக்கக்கூடும் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். இந்தக் கிருமி தொற்றுவோரில் மிகப் பெரும்பாலோர்க்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை; நூற்றில் ஒருவருக்கும் குறைவானோர்க்கே முடக்கம் ஏற்படுகிறது. ஆகவே முகாமில் கிருமி இருந்திருந்தால், அங்கே நீந்திக் குளித்த சிறுவர்கள் பலருக்கும் அது தொற்றி, ஒரு சளிக்காய்ச்சல் அளவுக்குக்கூடத் தெரியாமல் கடந்து போயிருக்கலாம். ஹைடு பார்க் மாளிகையில் தனி ஆசிரியர்களிடம் படித்து, மற்றப் பிள்ளைகளோடு அதிகம் கலவாமல் வளர்ந்த ரூசவெல்டுக்குச் சிறுவயதில் இயல்பாகக் கிடைத்திருக்கக்கூடிய நோயெதிர்ப்பு கிடைக்காமற் போயிருக்கலாம் என்றும், நோய் தொடங்கும் வேளையில் உடலை வருத்தியது முடக்கத்தைக் கடுமையாக்கியிருக்கலாம் என்றும் கூறப்படுகிறது. உடலின் கடும் உழைப்பு இந்நோயின் முடக்கத்தை மிகுவிக்கிறது என்பதைப் பின்னாளைய ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

இவ்வளவும் "எதனால்" என்ற கேள்விக்கான விடைகள். இவையும் உறுதியானவை அல்ல. நோயின் அறிகுறிகளை மீண்டும் ஆராய்ந்த மருத்துவர் குழு ஒன்று, அது இளம்பிள்ளை வாதமாக இல்லாமல், உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் கியான்-பாரே என்னும் நோயாக இருந்திருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று 2003இல் வாதிட்டது. வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்து, பழைய முடிவே சரி என்றனர். கியான்-பாரே என்னும் கருத்து சரியாக இருந்தால், இளம்பிள்ளை வாதத்துக்காக ஏரியின்மீது சுமத்திய பழி நீங்கிவிடுகிறது. சங்கிலியின் முதல் கண்ணியே ஐயத்துக்கு உரியதாக இருக்கும்போது, அதன் மேல் தெய்வத்தின் நோக்கத்தைத் தொங்கவிடுவது எவ்வளவு துணிச்சலான செயல் என்பதை இங்கே நிதானித்துப் பார்க்க வேண்டும்.

தற்செயல் என்பது என்ன என்ற கேள்வி மெய்யியலில் பழமையானது. காரணமே இல்லாமல் நடப்பது தற்செயல் அன்று, தனித்தனிக் காரணங்களால் இயங்கும் இரண்டு போக்குகள் ஓரிடத்தில் சந்திப்பதே தற்செயல் என்று அரிஸ்டாட்டில் விளக்கினார். வேறொரு வேலையாகச் சந்தைக்குச் செல்பவன் அங்கே தனக்குக் கடன்பட்டவனைக் காண்பது அவர் காட்டிய உதாரணம். ஆறாம் நூற்றாண்டில் சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த பொயீத்தியஸ், ஒருவன் புதைத்த பொன்னை நிலத்தை உழ வந்த மற்றொருவன் கண்டெடுப்பதை இதே பொருளில் சுட்டினார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைத் தமிழர்கள் அன்றாடப் பேச்சில் சொல்வதும், வடமொழித் தருக்க நூல்கள் அதைக் காகதாலீய நியாயம் என்று பெயரிட்டு வழங்குவதும் இந்தக் கருத்தையே சுட்டுகின்றன. காக்கைக்கு அமரக் காரணம் உண்டு. பழம் விழவும் காரணம் உண்டு. இரண்டும் சேர்ந்ததற்கு மட்டும் தனிக் காரணம் இல்லை. கனவாக்கியில் சந்தித்த போக்குகள் எத்தனை என்று எண்ணினால் வியப்பே மிஞ்சும்: கைவிடப்பட்ட ஒரு சிறை, ஒரு கைம்பெண்ணின் கொடை, ஒரு பொறியாளரின் அணை, இங்கிலாந்துப் படைத்தலைவர் ஒருவரின் இயக்கம், தேர்தலில் தோற்றுப் பொதுப்பணியை நாடிய அரசியலாளர் ஒருவர், பெயர் தெரியாத ஏதோ ஒரு பிள்ளையின் குடலில் இருந்திருக்கக்கூடிய கிருமி.

இத்தகைய சந்திப்பைத் தற்செயல் என்று விட்டுவிட இறைநம்பிக்கையாளர் தயங்குவதற்கும் காரணம் உண்டு. உலக நிகழ்வுகள் அனைத்தையும் கடவுள் முன்னறிந்து நடத்துகிறார் என்னும் கொள்கையைக் கிறித்தவத் தமிழ் இறைப்பராமரிப்பு என்று வழங்குகிறது. தோமா அக்குவினாஸ் இதை விளக்கத் தரும் உதாரணம் நுட்பமானது: தலைவன் ஒருவன் இரண்டு பணியாளரை, ஒருவர் செல்வது மற்றவருக்குத் தெரியாமல், ஒரே இடத்துக்கு அனுப்புகிறான், அவர்கள் தற்செயலாகச் சந்தித்ததாக நினைக்கிறார்கள், தலைவனுக்கோ அது தற்செயல் அன்று. இந்தக் கொள்கையில் முரண்பாடு எதுவும் இல்லை. ஆனால் தலைவன் அறிவான் என்பது ஒன்று, தலைவனின் நோக்கத்தைப் பணியாளர்கள் அறிவார்கள் என்பது முற்றிலும் வேறு. அக்குவினாஸ் முதலாவதையே சொன்னார். ரூசவெல்டின் நோயைப் பற்றி எழுதுவோர் பலர் இரண்டாவதற்குத் தாவிவிடுகின்றனர்.

அந்தத் தாவல் எளிதாக நிகழ்வதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கை இடம் தருகிறது. நோய்க்குப் பிறகு அவர் துன்பப்படுவோரை அறிந்த மனிதராக மாறினார் என்று, அவருடைய அமைச்சரவையில் தொழிலாளர் துறையை நடத்திய பிரான்சிஸ் பெர்கின்ஸ் 1946இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அதை ஓர் ஆன்மிக மாற்றமாகவே அவர் கண்டார். வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் நோயுற்றோர்க்கான சிகிச்சை நிலையம் ஒன்றை ரூசவெல்ட் உருவாக்கினார். 1938இல் அவர் தொடங்கிவைத்த அறக்கட்டளை பத்துச் சென்ட் நாணயங்களாகப் பொதுமக்களிடம் திரட்டிய பணம், ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி ஆய்வுக்கு உதவியது. அத்தடுப்பூசி பாதுகாப்பானது, பயன் தருவது என்ற அறிவிப்பு 1955 ஏப்ரல் 12 அன்று, ரூசவெல்ட் இறந்து சரியாகப் பத்து ஆண்டுகள் நிறைந்த நாளில் வெளியானது. ஒருவர் நோயுற்றதால் உலகப் பிள்ளைகள் காக்கப்பட்டனர் என்று கதையை முடிக்க இதைவிட நல்ல முடிவு வேண்டியதில்லை.

அந்த முடிவை ஏற்க முடியாமல் தடுப்பவர்கள் 1916இல் இறந்த குழந்தைகள். ஒருவருடைய முடக்கம் தடுப்பூசிக்கு வழியமைப்பதற்காக விதிக்கப்பட்டது என்றால், ஐந்தாண்டுகளுக்கு முன் அதே நகரில் அதே நோயால் மடிந்தவர்களின் சாவு எதற்காக விதிக்கப்பட்டது? அவர்களிடம் மாறுவதற்கு வாழ்நாளும் இல்லை, அறக்கட்டளை அமைக்கச் செல்வமும் இல்லை. பயன் விளைந்த துன்பத்துக்கு மட்டும் நோக்கம் கற்பித்து, பயன் விளையாத துன்பத்தை மறைபொருள் என்று ஒதுக்கும் சிந்தனை, அறிந்தோ அறியாமலோ புகழ்பெற்றவர்களின் சமயமாகிவிடுகிறது. தமிழ்ப் பேச்சு வழக்கும் இந்தச் சாய்விலிருந்து தப்பவில்லை: விபத்தில் பிழைத்தவரைத் தெய்வாதீனமாகத் தப்பினார் என்கிறது, பிழைக்காதவரை அவர் விதி முடிந்துவிட்டது என்கிறது, ஒரே நிகழ்வில் நலம் தெய்வத்தின் கணக்கிலும் கேடு பெயரற்ற விதியின் கணக்கிலும் எழுதப்படுகிறது.

கிறித்தவ வேதத்திலேயே இந்தத் தாவலுக்கு எதிரான சான்றுகள் உள்ளன என்பதை வலியுறுத்த வேண்டும். சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகளாக இருந்ததாலா அப்படி நேர்ந்தது என்று இயேசு வினவி, அவரே இல்லை என்று மறுத்ததாக லூக்கா நற்செய்தி கூறுகிறது. யோபுவின் நண்பர்கள் அவனுடைய துன்பத்துக்கு அடுக்கடுக்காக விளக்கம் தருகின்றனர். நூலின் இறுதியில் கடவுள் கடிந்துகொள்வது விளக்கம் சொன்ன நண்பர்களைத்தான். ஆயினும் யோவான் நற்செய்தியில், பிறவிக் குருடனைப் பற்றிச் சீடர்கள் கேட்டபோது, அவனுடைய பாவமும் பெற்றோரின் பாவமும் காரணமல்ல என்று சொன்னபின், கடவுளின் செயல் அவனிடம் வெளிப்படுவதற்காக என்ற விடையும் வருகிறது. "எதற்காக" என்பதை ஆதரிப்போர் இந்த இடத்தையே பற்றுகின்றனர். ஆனால் அங்கே விளக்கத்தோடு கதை நிற்கவில்லை. உடனே மண்ணைக் குழைத்துக் கண்ணில் பூசும் செயல் தொடர்கிறது. நோக்கம் பேச்சால் நிறுவப்படாமல் செய்கையால் உண்டாக்கப்படுகிறது. இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

திருக்குறளின் அமைப்பும் இங்கே நினைக்கத் தக்கது. ஊழ் என்ற சொல் முறை, முதிர்ச்சி என்னும் பொருள்களை உடையது. கனி முதிர்வதுபோல வினை முதிர்ந்து பயன் தருவதை அது குறிக்கிறது. அதன் வலிமையை அறத்துப்பாலின் கடைசி அதிகாரமாக வைத்த நூல், அடுத்த பாலில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் தளராத முயற்சி அந்த ஊழையும் புறங்காணும் என்கிறது. இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடாமல் இரண்டையும் நூல் வைத்திருப்பதை முரண் என்று கொள்ளத் தேவையில்லை. நேர்ந்ததை நோக்கும்போது ஊழ் என்றும், செய்ய வேண்டியதை நோக்கும்போது முயற்சி என்றும் ஒரே வாழ்வை இரு திசையிலிருந்து அது பார்க்கிறது. ரூசவெல்ட் நோயுற்றது எதற்காக என்ற கேள்வி பின்னோக்கிய திசையில் விடையற்றது. முன்னோக்கிய திசையில் அவருடைய கை அதற்குச் சிறிது சிறிதாக ஒரு விடையை எழுதியது. அந்த விடை 1921இல் ஏரியின் அடியில் எழுதப்பட்டுக் கிடந்ததாகக் கொள்ள எந்தத் தேவையும் இல்லை.

சாரணர்கள் கனவாக்கி ஏரிக்கரையில் நெடுங்காலம் தங்கவில்லை. நகரத்துச் சிறுவர்களின் எண்ணிக்கைக்கு அந்த இடம் போதாமல் போகவே, 1920களின் பிற்பகுதியில் டெலவேர் ஆற்றுப் பக்கத்தில், சல்லிவன் மாவட்டத்தில், டென் மைல் ரிவர் என்னும் பெரிய நிலப்பரப்பு வாங்கப்பட்டு முகாம்கள் அங்கே மாற்றப்பட்டன. ஹாரிமன் பூங்காவின் ஏழு ஏரிச் சாலையில் இன்று செல்பவர் கனவாக்கியின் கரையை ஒட்டியே செல்கிறார். நீரும் மரமும் மலையும் அவர் கண்ணுக்கு அமைதியாகத் தெரிகின்றன. டென் மைல் ரிவர் நிலத்தை வாங்குவதற்கு முன்னின்று பணம் திரட்டிய சாரணர் அறக்கட்டளையின் தலைவராக இருந்தவர் ரூசவெல்ட். ஓர் ஏரிக்கரை முகாமிலிருந்து திரும்பிய இரண்டு வாரத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தவர், நகரத்துப் பிள்ளைகள் நீந்துவதற்கு இன்னும் பல ஏரிகளைத் தேடிக் கொடுத்தார். 1933 ஆகஸ்டில், குடியரசுத் தலைவராகிய முதல் கோடையில், டென் மைல் ரிவருக்கு வந்து அங்கிருந்த சிறுவர்களிடையே பேசினார்.